கோழி எருவா, காளான் எருவா?

கோலாலம்பூர் செந்தூலில் எங்கள் வீட்டு வாசலில் பத்தடிக்கு ஆறடி மண் இருக்கிறது. மண் என்று சொல்வதே மரியாதைக்குத்தான். வீடு கட்டும்போது கொட்டி நிரப்பிய செங்களி அது. மழையில் வழுக்கும், இரண்டு நாள் வெயில் அடித்தால் மண்வெட்டி இறங்காது. நான்கு வருடம் கோழி எரு போட்டேன். இப்போது இரண்டு வருடமாகக் காளான் எரு, அதாவது பண்ணையில் காளான் வளர்த்து முடித்த மிச்சம்.

கோழி எருவைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. சுங்கை பூலோ நர்சரிகளில் குருணையாகவே கிடைக்கும். தழைச்சத்து (நைட்ரஜன்) அதிகம் என்பதால் கீரை சட்டென்று எழும்பும். நாற்றம், ஈ, பக்கத்து வீட்டாரின் முகச்சுளிப்பு எல்லாம் தெரிந்த கதை. என் குறை வேறு. செடிக்குச் சாப்பாடு கிடைத்ததே தவிர, மண் களியாகவே இருந்தது. நம்மூர் மாலை மழை நாலு தடவை அடித்தால் போட்ட சத்தும் கரைந்து போய்விடும்.

காளான் எரு மண்ணையே மாற்றுகிறது. ஆனால் இங்கேதான் நான் ஏமாந்தேன். யூடியூப்பில் வெள்ளைக்காரர்கள் அள்ளிப் போடுவது மொட்டுக் காளான் வளர்த்த எரு. வைக்கோலும் குதிரைச் சாணமும் முன்பே மக்கியது. நம் பக்கத்துப் பண்ணைகளில் பெரும்பாலும் சிப்பிக் காளான். ரப்பர் மரத்தூளில் தவிடும் கொஞ்சம் சுண்ணாம்பும் கலந்து பையில் அடைக்கிறார்கள். அறுவடை முடிந்து தூக்கிப் போடும் பையிலும் பாதிக்கு மேல் மரத்தூள்தான். அதை அப்படியே மண்ணில் கலந்தேன். மூன்றே வாரத்தில் வெண்டை வெளிறி மஞ்சளானது. மரத்தூளைத் தின்னும் நுண்ணுயிர்கள் மண்ணில் இருந்த தழைச்சத்தையும் சேர்த்துத் தின்றுவிட்டன.

ஆகவே காளான் எரு என்றால் காத்திருப்பு. பிளாஸ்டிக்கைக் கிழித்தெடுத்து, கட்டிகளை உடைத்து, பத்துக் கூடைக்கு ஒரு கூடை கோழி எரு சேர்த்துக் குவிக்கிறேன். ஆமாம், பழைய ஆளை முழுதாக விடவில்லை. மழை படாமல் தகரம் மூடி, காய்ந்தால் தண்ணீர் தெளித்து, இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புரட்ட வேண்டும். எனக்கு மூன்று மாதம் பிடித்தது. கை வைத்தால் சூடு இருக்கக் கூடாது, மரத்தூளின் நிறம் போய்க் கறுத்திருக்க வேண்டும், மழை நனைத்த காட்டு வாசம் வர வேண்டும். அப்புறம் இரண்டு அங்குலம் பரப்பி அரையடி ஆழத்துக்குக் கிளறினால் போதும்.

இப்போது மழை நீர் தேங்காமல் உள்ளே இறங்குகிறது. ஈரமாக இருக்கும்போது விரலாலேயே குழி தோண்டிக் கத்தரி நாற்று நடுகிறேன். வருடத்துக்கு ஒரு தடவை போடுகிறேன். கோழி எரு என்றால் மாதாமாதம் மூட்டை தூக்க வேண்டும்.

பொறுமை இல்லாதவர்கள், தொட்டியில் கீரை மட்டும் போடுகிறவர்கள் கோழி எருவோடு நிற்கலாம். இட்லிப் பூச்செடிக்கு மட்டும் காளான் எரு போடவில்லை. அது புளிப்பு மண் கேட்கும், இதில் சுண்ணாம்பு இருக்கிறது. பழ மரங்களுக்குப் போட்டுப் பார்க்க எனக்கு இடமில்லை. கறிவேப்பிலைக்கும் இன்னும் கோழி எருதான். அம்மா வைத்த மரம், அதில் சோதனை செய்ய மனசு வரவில்லை.