ஒரே லைப்ரரி, மூன்று பெயர்: 12 வருட லினக்ஸ் அனுபவம்

12 வருடமாக எனக்கு லினக்ஸ்தான். அதன் டிஸ்ட்ரோக்களில், அதாவது வெவ்வேறு குழுக்கள் தொகுத்துத் தரும் வடிவங்களில், முதலில் உபுண்டு, அப்புறம் ஃபெடோரா, இப்போது மடிக்கணினியில் ஆர்ச், சர்வரில் டெபியன். இவற்றில் பேக்கேஜ்களை (நிறுவுவதற்கென்று கட்டிவைத்த மென்பொருளை) நிறுவும் கட்டளைகளான ஆப்ட் (டெபியன், உபுண்டு), டிஎன்எஃப் (ஃபெடோரா), பேக்மேன் (ஆர்ச்) மூன்றும் கைக்குப் பழகிவிட்டன. ஆனாலும் ஆர்ச் டெர்மினலில் ஆப்ட் அடித்துவிட்டு முழிப்பது இன்றும் நடக்கிறது. எல்லா டிஸ்ட்ரோவுக்கும் ஒரே பேக்கேஜ் முறை ஏன் கூடாது என்று நானும் ஒரு காலத்தில் கோபப்பட்டவன்தான். இப்போது அந்தக் கோபம் வேறு பக்கம் திரும்பிவிட்டது.

கட்டளை ஒரு வாரத்தில் பழகிவிடும். பேக்கேஜின் பெயர்தான் பழகவே மாட்டேன் என்கிறது. ஒரு நிரலை கம்பைல் செய்ய, ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க லைப்ரரியின் (பல நிரல்கள் பகிர்ந்துகொள்ளும் நிரல்தொகுப்பு) ஹெட்டர் கோப்புகள், அதாவது அதில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்பவை, வேண்டும் என்று வையுங்கள். டெபியனில் லிப்எஸ்எஸ்எல்-டெவ். ஃபெடோராவில் ஓப்பன்எஸ்எஸ்எல்-டெவெல். ஆர்ச்சில் தனிப் பேக்கேஜே கிடையாது, ஓப்பன்எஸ்எஸ்எல் போட்டாலே ஹெட்டரும் கூடவே வந்துவிடும். அப்பாச்சி வெப் சர்வரைத் தேடினால் ஒரு இடத்தில் அப்பாச்சி2, இன்னொரு இடத்தில் எச்டிடிபிடி. அதன் அமைப்புக் கோப்பு (கான்ஃபிக்) இருக்கும் இடமும் அதற்கேற்ப மாறும். நாளைக்கே எல்லாரும் டெபியனின் பேக்கேஜ் வடிவமான டெப் கோப்புக்கு மாறினாலும், ஒரு பேக்கேஜ் தனக்குத் தேவை என்று கேட்கும் பெயர் பக்கத்து டிஸ்ட்ரோவில் இருக்காது. ஃபெடோராவின் பேக்கேஜ் வடிவமான ஆர்பிஎம்மை டெப்பாக மாற்றித்தரும் ஏலியன் என்ற கருவியை நம்பி நான் பட்டது போதும். கோப்புகள் எல்லாம் ஒழுங்காக வந்து இறங்கும், நிரல் மட்டும் திறக்காது.

பெயர் சரியாக இருந்தாலும் பதிப்பு காலை வாரும். ஃபெடோரா 35-இல் கம்பைல் செய்த சின்ன நிரல் ஒன்றை உபுண்டு 20.04 சர்வரில் போட்டு ஓட்டினேன். பெரும்பாலான நிரல்கள் நம்பியிருக்கும் அடிப்படை லைப்ரரியான ஜிலிப்சி 2.34 காணோம் என்று ஒரே வரியில் பதில் வந்தது. அங்கே இருந்தது 2.31. பழையதில் கம்பைல் செய்தது புதியதில் ஓடும், திருப்பிச் செய்தால் பெரும்பாலும் இந்த வரிதான்.

பொதுத் தரம் வேண்டும் என்று முயலாமல் இல்லை. 2001-இல் லினக்ஸ் ஸ்டாண்டர்ட் பேஸின் முதல் பதிப்பு வந்தது. பேக்கேஜ் வடிவம் ஆர்பிஎம் என்று அதில் எழுதிவைத்தார்கள். டெப்பை நம்பி வாழும் டெபியன் மனமார ஏற்குமா? ஏலியனை வைத்துச் சமாளித்தார்கள். 2015-இல் அந்தத் தரத்துக்கான ஒத்திசைவுப் பேக்கேஜ்களில் பெரும்பாலானவற்றை டெபியன் கைவிட்டது. அதே 2015-இல் வந்த 5.0-க்குப் பிறகு அந்தத் தரத்துக்குப் புதிய பதிப்பும் இல்லை.

எந்த டிஸ்ட்ரோ என்று கண்டுபிடிக்க முன்பெல்லாம் என் ஸ்கிரிப்ட் டெபியனுக்கு ஒரு கோப்பு, ரெட்ஹேட்டுக்கு ஒன்று, சூஸேவுக்கு ஒன்று என்று ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்க்கும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நிர்வகிக்கும் சிஸ்டம்டியின் ஆட்கள், டிஸ்ட்ரோவின் பெயரும் பதிப்பும் சொல்லும் ஓஎஸ்-ரிலீஸ் என்று ஒரு கோப்பைக் கொண்டுவந்தார்கள். யாரும் பெரிதாகச் சண்டை போடவில்லை, சத்தமில்லாமல் எல்லா இடத்துக்கும் வந்துவிட்டது. என் ஸ்கிரிப்டில் இருபது வரி குறைந்தது. மெனுவில் நிரலைக் காட்டும் டெஸ்க்டாப் கோப்பும் இப்படி நிலைத்ததுதான்.

எந்த டிஸ்ட்ரோவிலும் நிறுவக்கூடிய பேக்கேஜ் முறையான ஃபிளாட்பேக் இந்தப் பெயர், பதிப்புச் சிக்கலைத் தீர்க்கவில்லை, தாண்டிக் குதிக்கிறது: தேவையான லைப்ரரிகளை ரன்டைம் என்று தானே கொண்டுவந்துவிடும். முதல்முறை ஒரு கால்குலேட்டருக்காக நூற்றுக்கணக்கான எம்பி இறங்குவதைப் பார்த்துக் கடுப்பானேன். இன்னொரு டிஸ்கில் இருந்த படத்தை ஃபிளாட்பேக்காகப் போட்ட எடிட்டர் பார்க்கவே மறுத்தது. இந்த நிரல்களின் அனுமதிகளை மாற்றும் ஃபிளாட்சீலில் அனுமதி கொடுத்த பிறகுதான் கண்ணில் பட்டது. ஆனாலும் வரைகலை நிரல்களுக்கு இப்போது ஃபிளாட்பேக்தான் போடுகிறேன். டிஸ்ட்ரோ மாறும்போது ஹோம் கோப்புறையோடு அவற்றின் அமைப்புகளும் அப்படியே வந்துவிடுகின்றன.

சர்வர் வேலைக்கும் கம்பைல் வேலைக்கும் மட்டும் பழைய வழிதான். என் நிறுவல் ஸ்கிரிப்டில் டெபியன், ஃபெடோரா, ஆர்ச் என்று மூன்று நெடுவரிசை உள்ள ஒரு பட்டியல் இருக்கிறது, ஒரு லைப்ரரிக்கு ஒரு வரி. போன வாரம்கூட அதில் ஒரு வரி சேர்த்தேன்.