செவலைக்கு எந்த இரை: சுண்டெலியா, எலிக்குட்டியா, கோழிக்குஞ்சா?

செவலை எங்கள் வீட்டுக்கு வந்து மூன்று வருடம் ஆகிறது. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த கார்ன் ஸ்நேக் வகைப் பாம்பு. முதுகில் செங்கல் நிறத் திட்டுகள், வயிற்றில் சதுரங்கப் பலகை மாதிரி கறுப்பும் வெள்ளையும். ஊரில் செந்நிற மாட்டைச் செவலை என்றுதான் கூப்பிடுவோம், அந்தப் பெயரையே வைத்துவிட்டோம். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், கவென்ட்ரியில். இங்கே இந்தப் பாம்பை வளர்க்க உரிமம் வேண்டியதில்லை. உறையவைத்த இரை செல்லப்பிராணிக் கடைகளில் பையில் போட்டு விற்கிறார்கள்.

எங்களிடம் வரும்போது செவலைக்கு நான்கு வயது. அதுவரை வளர்த்தவர் பிங்கி மட்டுமே கொடுத்திருக்கிறார். பிங்கி என்பது பிறந்து ஓரிரு நாளே ஆன, ரோமம் முளைக்காத சுண்டெலிக்குட்டி. பாம்பு பெரிதாக ஆக, குட்டியின் அளவைக் கூட்டாமல் எண்ணிக்கையை மட்டும் கூட்டிக்கொண்டே போயிருக்கிறார், ஒரு வேளைக்கு ஆறு ஏழு வரை. பார்க்கப் பாம்பு நன்றாகத்தான் இருந்தது. வால் பக்கம் ஒரு சின்ன வளைவு இருந்ததால் மருத்துவரிடம் கொண்டுபோனோம். எக்ஸ்ரேயில் முள்ளெலும்புகள் இருக்க வேண்டிய அளவுக்கு வெளுப்பாகத் தெரியவில்லை. எவ்வளவு சாப்பிடுகிறது என்று அவர் கேட்கவே இல்லை. என்ன சாப்பிடுகிறது என்றுதான் கேட்டார்.

அன்றைக்குத்தான் நான் இரையைப் பற்றி உட்கார்ந்து படிக்க ஆரம்பித்தேன். வளர்ந்த கார்ன் ஸ்நேக்குக்கு இங்கே பொதுவாக மூன்று வழிகள் உண்டு: வளர்ந்த சுண்டெலி, அதே எடையுள்ள எலிக்குட்டி, ஒருநாள் கோழிக்குஞ்சு. மூன்றையும் கொடுத்துப் பார்த்துவிட்டுச் சுண்டெலியில் நின்றேன். ஏன் என்று சொல்கிறேன்.

விலை, நாற்றம், கிடைப்பது பற்றியெல்லாம் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. குஞ்சுதான் மலிவு. முட்டைக் கோழிப் பண்ணைகளில் சேவல் குஞ்சுகளுக்கு வேலை கிடையாது, அவைதான் உறைந்து நம்மிடம் வருகின்றன. சுண்டெலி அதைவிட விலை கூட. எலிக்குட்டி இடையில் நிற்கும். மூன்றும் எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

உண்மையில் முடிவு செய்ய வைத்தது ஒரே ஒரு விஷயம்: எலும்பு.

பாம்பின் உடம்பில் தாதுச் சத்து பெரும்பாலும் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒரு பாம்புக்கு இருநூறிலிருந்து நானூறு வரை முள்ளெலும்புகள், அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இரண்டு விலா. கையும் காலும் இல்லையே தவிர, உடம்பு முழுக்க எலும்புக்கூடுதான். அந்தக் கால்சியமும் பாஸ்பரசும் வேறு எங்கிருந்தும் வருவதில்லை. ஆடுமாடு மாதிரி இது புல்லோ தவிடோ தின்னாது, நாய் மாதிரி எலும்பைத் தனியாகக் கடிக்காது. விழுங்கும் இரையின் எலும்பு கரைந்துதான் பாம்பின் எலும்பாகிறது. இரைக்கு எலும்பு இல்லையென்றால் பாம்புக்கும் இல்லை.

பிங்கிக்கு எலும்பு இருக்கிறதா? இருக்கிறது, ஆனால் பாதிக்குமேல் இன்னும் குருத்தெலும்பு. தண்ணீரும் அதிகம். விலங்குக்காட்சிச் சாலை இரைகளை அரைத்துச் சோதித்த அளவீடுகளில் வரும் எண்களை வைத்து, நான் இருபது கிராம் இரைக்குக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். பிங்கியின் எடையில் ஐந்தில் ஒரு பங்குதான் தண்ணீர் போக மிஞ்சுவது. அதில் கால்சியம் 1.2 சதவீதம் பக்கம். இருபது கிராமில் சுமார் 45 மில்லிகிராம் வருகிறது. வளர்ந்த சுண்டெலியில் மூன்றில் ஒரு பங்கு மிஞ்சும், அதில் 3 சதவீதம் கால்சியம். இருபது கிராமுக்குச் சுமார் 200 மில்லிகிராம். எடை ஒன்றுதான், எலும்புச் சத்து நாலு மடங்குக்கு மேல். செவலை நாலு வருடம் தின்ற கணக்கு இதுதான். தராசில் எல்லாம் சரியாக இருந்தது, எக்ஸ்ரேயில் இல்லை.

கால்சியத்தோடு பாஸ்பரசையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். வளர்ந்த சுண்டெலியில் ஒரு பங்கு பாஸ்பரசுக்கு ஒன்றே முக்கால் பங்கு போலக் கால்சியம் இருக்கும். பிங்கியில் இரண்டும் கிட்டத்தட்ட சமம். பாஸ்பரஸ் கூடி கால்சியம் குறைந்தால், உடம்பு இரத்தத்தில் அளவைச் சமன் செய்ய எலும்பிலிருந்தே கால்சியத்தை எடுக்கத் தொடங்கும். சோற்றுப்பானையில் அரிசி தீர்ந்ததும் விதைநெல்லில் கை வைப்பது போலத்தான்.

அதே கணக்கில் எலிக்குட்டியைப் பாருங்கள். ரோமம் வந்து, கண் திறக்கும் பருவத்தில் இருபது கிராமுக்கு மேல் இருக்கும். இருபது கிராமுக்குச் சுமார் 120 மில்லிகிராம் கால்சியம் தேறும். பிங்கியைவிட நிச்சயமாக மேல். ஆனால் அதே எடையுள்ள சுண்டெலி முழுதாக வளர்ந்து முடித்த மிருகம், இது இன்னும் பால் குடிக்கும் பிள்ளை. வயிற்றில் இருக்கும் பாலில் கொஞ்சம் கால்சியம் உண்டு, கொழுப்பும் கூடவே உண்டு.

கோழிக்குஞ்சு எனக்கு ஆச்சரியம் தந்தது. பார்க்கப் பெரிய இரை, நாற்பது கிராம் வரும். ஆனால் இருபது கிராமுக்கு 85 மில்லிகிராம் போலத்தான் கால்சியம். முட்டையை உடைத்து வெளியே வந்து ஒரு நாள்தானே ஆகிறது, எலும்பு இறுகவே இல்லை. வயிற்றில் மஞ்சள்கரு மிச்சம் இருக்கும். அதனால்தான் குஞ்சு கொடுத்த வாரம் கழிவு தண்ணீராகவும் கடும் நாற்றத்தோடும் போகும். கூண்டைச் சுத்தம் செய்த மகள், "அப்பா, இனிமே இது வேண்டாம்" என்று சொல்லிவிட்டாள். ஒரு சத்து விஷயத்தில் சுண்டெலிக்குக் கிட்டேகூட குஞ்சு வராது: வைட்டமின் ஏ. வளர்ந்த சுண்டெலியின் ஈரலில் அது பல மடங்கு சேர்ந்திருக்கும்.

செவலை பெண் என்பதால் இந்தக் கணக்கு எனக்கு இன்னும் முக்கியமாயிற்று. கார்ன் ஸ்நேக் பெண் ஆண் துணை இல்லாமலும் கரு இல்லாத முட்டை இடும். ஒரு தடவைக்குப் பத்து, இருபது என்று போகும். பாம்பு முட்டையின் ஓடு கோழி முட்டை மாதிரி கெட்டி கிடையாது, தோல் போன்றது. உள்ளே வளரும் பாம்புக்குட்டி தன் எலும்புக்கு வேண்டிய கால்சியத்தில் பெரும்பகுதியை மஞ்சள்கருவிலிருந்தும் மிச்சத்தை ஓட்டிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அந்த மஞ்சள்கருவில் இருப்பது தாயின் உடம்பிலிருந்து போனது. கரு உண்டோ இல்லையோ, தாய் கொடுத்துவிடுகிறாள். ஏற்கனவே எலும்பு மெலிந்த பாம்பு இருபது முட்டை போட்டால் என்ன ஆகும்? கால்சியம் குறைந்தால் தசை சரியாகச் சுருங்காது, முட்டை உள்ளேயே தங்கிவிடும் ஆபத்தும் உண்டு. போன வருடம் செவலை பதினாலு முட்டை போட்டது, எல்லாம் கருவில்லாதவை. ஒன்றும் உள்ளே தங்கவில்லை. சுண்டெலிக்கு மாறி ஒன்றரை வருடம் ஆகியிருந்தது அப்போது. அதனால்தான் தங்கவில்லை என்று ஒரு பாம்பை வைத்துச் சொல்ல முடியாது, ஆனால் அந்த இரவு நான் கொஞ்சம் நிம்மதியாகத் தூங்கினேன்.

கால்சியம் பொடி தூவலாமே என்று கேட்பார்கள். பிங்கி மட்டும் தின்னும் சின்னக் குட்டிகளுக்குத் தூவுகிறவர்கள் உண்டு. நான் சில வாரம் செய்து பார்த்தேன். ஈர உடம்பில் ஒட்டியது பாதி, தரையில் விழுந்தது பாதி, செவலை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்தது இரண்டு தடவை. எலும்புள்ள இரை கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போது பொடி எதற்கு என்று விட்டுவிட்டேன்.

கால்சியம் உடம்பில் சேர வைட்டமின் டி வேண்டும். முழு இரையின் ஈரலிலிருந்து அது கிடைக்கிறது, அதனால்தான் புற ஊதா விளக்கு இல்லாமலே தலைமுறை தலைமுறையாகக் கார்ன் ஸ்நேக் வளர்த்துவிட்டார்கள். ஆனால் 2008ல் வெளிவந்த ஓர் ஆய்வில், அந்த விளக்கின் கீழ் வைத்த கார்ன் ஸ்நேக்குகளின் இரத்தத்தில் வைட்டமின் டி தெளிவாகக் கூடியிருந்தது. பிறகு பால் பைதான் (ball python) என்ற மலைப்பாம்பு வகையில் பார்த்தபோது அப்படிப் பெரிய வித்தியாசம் வரவில்லை. ஆகவே எல்லாப் பாம்புக்கும் ஒரே பதில் கிடையாது. நான் சின்ன விளக்கு ஒன்று வைத்திருக்கிறேன், கூடவே ஒளிந்துகொள்ள நிழலும்.

எலிக்குட்டிக்கு நியாயம் செய்ய வேண்டும். பால் பைதான் போன்ற தடித்த பாம்புக்கு வளர்ந்த சுண்டெலி ஒரு வாய்க்குப் பற்றாது, அங்கே எலிதான் சரி. எலி வளர வளர அதன் எலும்பும் இறுகும். பிரச்சினை, வளர்ந்த எலியில் கொழுப்பும் ஏறும்: உலர் எடையில் மூன்றில் ஒரு பங்கு வரை, சுண்டெலியில் நாலில் ஒரு பங்கு போல. கூண்டில் கிடக்கும் பாம்புக்கு அலைச்சல் இல்லை. மிஞ்சும் கொழுப்பு வயிற்றுக்குள் நீளநீளமான கொழுப்புப் பட்டைகளாகச் சேரும், பிறகு ஈரலுக்கும் போகும். கார்ன் ஸ்நேக் மெலிந்த உடல்வாகு கொண்டது, அதற்கு எலி தேவையே இல்லை. காடைக்குஞ்சு ஒரே தடவைதான் கொடுத்தேன், விழுங்கியது. அதை வைத்து நான் ஒன்றும் சொல்லமாட்டேன்.

பழகிய இரையை மாற்றுவதுதான் கஷ்டம். செவலை ஐந்து வாரம் எதையும் தொடவில்லை. மகள் தினமும் அழாத குறை. பட்டினியை அவ்வளவு பயப்பட வேண்டாம் என்று எனக்குத் தைரியம் தந்தது 2007ல் வந்த ஓர் ஆய்வு. சில வகைப் பாம்புகளை ஏறக்குறைய ஆறு மாதம் பட்டினி போட்டார்கள். உடல் எடையில் 9 முதல் 24 சதவீதம் குறைந்தது. உடம்பு எரிபொருள் செலவைச் சிலவற்றில் 72 சதவீதம் வரை குறைத்துக்கொண்டது. அதைவிட விசித்திரம், சாப்பிடாமலே அவை நீளத்தில் வளர்ந்திருந்தன. ஆரோக்கியமான, வளர்ந்த பாம்பு ஐந்து வாரம் தாங்கும். குட்டியோ ஏற்கனவே நோஞ்சானோ என்றால் இந்தத் துணிச்சல் வேண்டாம், மருத்துவரிடம் போங்கள்.

ஆறாவது வாரம் ஒரு பிங்கியைச் சுண்டெலியின் மேல் நன்றாகத் தேய்த்து, இரண்டையும் சேர்த்து வெதுவெதுப்பாக்கி, இடுக்கியில் சுண்டெலியின் தலைப்பக்கம் முன்னே வரும்படி நீட்டினேன். பிடித்துக்கொண்டது. முதலில் சின்னச் சுண்டெலி, இரண்டு மாதத்தில் நடுத்தரம், இப்போது இரண்டு வாரத்துக்கு ஒன்று, பாம்பின் உடம்பு எங்கே பருமனோ அந்த அளவு. முந்தைய நாள் இரவே ஃப்ரிஜில் வைத்து உருகவிடுவேன், கொடுக்கும்முன் பையோடு வெந்நீரில் வைப்பேன். மைக்ரோவேவ் கூடாது, வயிறு வெடித்துவிடும். ஆறு மாதத்துக்குமேல் உறைந்தது வாங்குவதில்லை, வைட்டமின் ஈ அதற்குள் குறைந்துபோகும்.

சமையலறையைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிரிட்டனில் 2015லிருந்து உறைந்த தீவன எலிகள் வழியாகப் பரவிய சால்மோனெல்லா தொற்றில் 850 பேருக்கு மேல் நோயுற்றார்கள். உறையவைப்பதால் அந்தக் கிருமி சாகாது. எங்கள் வீட்டில் இரைக்குத் தனிப் பெட்டி, தனிப் பாத்திரம், தனி இடுக்கி. சாப்பாடு வைக்கும் இடத்துக்குப் பக்கத்தில் அது வராது. கொடுத்து முடித்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவும் வேலை மகளுடையது, மறந்ததே இல்லை.

ஊரில் இருந்து இதைப் படித்துவிட்டுச் சாரைப்பாம்பைப் பிடித்து வளர்க்கலாமா என்று யாராவது யோசித்தால், வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் அதற்கு இடம் தராது. வயலில் அது தின்னும் எலியும் தவளையும் நாம் வாங்கித் தர முடியாதவை. சென்னை கிண்டி பாம்புப் பண்ணையில் போய் நன்றாகப் பார்த்துவிட்டு வாருங்கள்.

இந்த மார்ச் மாதம் மறுபடியும் எக்ஸ்ரே எடுத்தோம். வால் வளைவு அப்படியேதான் இருக்கிறது, அது இனி நிமிராது என்றார் மருத்துவர். மற்ற முள்ளெலும்புகள் இந்தத் தடவை வெள்ளையாகத் தெரிந்தன. மகள் இரண்டு படங்களையும் ஃப்ரிஜ் கதவில் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறாள்.