படுதா மேடையா, வளவு மேடையா? மாதிரி மேடை செய்யும் பிள்ளைகளுக்கு எது நல்லது

செட்டிநாட்டுப் பிள்ளைகளுக்கு மாதிரி மேடை, அதாவது நாடக மேடையின் சிறிய அளவு உருவம், செய்ய இரண்டு வழி கண்ணெதிரே இருக்கிறது. ஒன்று, சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) வழி வந்த இசை நாடகங்களின் படுதா மேடை, அதாவது காட்சி வரைந்த திரைகள் தொங்கும் மேடை. மற்றது, ஊர் வீட்டு வளவையே, அதாவது தூண்கள் சூழ்ந்த உள்முற்றத்தையே, மேடையாக்குவது. அளவு இரண்டுக்கும் ஒன்றே: ஓரடிக்கு அரை அங்குலம். ஐந்தரை அடி ஆளுக்கு இரண்டேமுக்கால் அங்குல அட்டைப் பொம்மை. அதை வெட்டி வைத்துக்கொண்டுதான் வேலையைத் தொடங்க வேண்டும்.

படுதா மேடைக்கு ஷூ பெட்டி போதும். பக்கவாட்டில் கிடத்தினால் ஆழம் நான்கைந்து அங்குலம்தான். ஆனாலும் வள்ளி நாடகத்தில் வரும் தினைப்புனத்தின் தூரத்தை வண்ணமே காட்டிவிடும். சார்ட் பேப்பரில் போஸ்டர் கலர் அடித்தால் காய்ந்ததும் சுருளும். பழைய வேட்டித் துணியில் மைதாப் பசை தடவிக் காயவிட்டு வரைவது மேல். அடியில் ஒரு மூங்கில் குச்சியை ஒட்டினால் நேராகத் தொங்கும். படுதாக்களுக்கு நடுவே முக்கால் அங்குலமாவது விடுங்கள். இல்லாவிட்டால் ஏற்றும்போது ஒன்றையொன்று இழுக்கும்.

பெரிய பாடம் பக்கத் தட்டிகளில், அதாவது மேடையோரம் நடிகரை மறைக்கும் தடுப்புகளில், இருக்கிறது. கண்ணை மேடை மட்டத்துக்கு இறக்கி, ஓரத்தில் உட்காருபவர் பார்ப்பதுபோல் பார்த்தால், மறைவில் நிற்கும் பொம்மை பளிச்சென்று தெரியும். தட்டியைக் கொஞ்சம் உள்ளே நகர்த்தி மறுபடி பார்க்க வேண்டும். பார்வையாளர் இடத்திலிருந்து யோசிப்பது இப்படித்தான் பழகுகிறது.

வளவு மேடை கணக்கைக் கற்றுத் தருகிறது. 20 அடிக்கு 15 அடி மேடை, 10 அங்குலத்துக்கு ஏழரை ஆகும். ஷூ பெட்டிக்குள் அடங்காது, 5 மி.மீ. ஃபோம் போர்டு வேண்டும். பக்கச் சுவர்களைத் தளத்தின் வெளியே ஒட்டிவிட்டு, பிள்ளைகள் பின்சுவரை 10 அங்குலத்துக்கே வெட்டுவார்கள். இரண்டு பக்கச் சுவர்களின் தடிமன் அளவுக்கு, ஒரு சென்டிமீட்டர் குறையும். தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் 8 அங்குலச் சதுரம் என்றால் மாதிரியில் அங்குலத்தில் மூன்றில் ஒரு பங்கு. பிள்ளைகளோ ஒரு அங்குலத்துக்கு வரைந்துவிடுவார்கள். பொம்மையை நிறுத்தினால் கல் இரண்டடி ஆகிவிட்டது புரியும். 10 அடித் தூணுக்கு 5 அங்குலத்தில் அறுத்த பென்சில் சரியாக இருக்கும். தெர்மாகோல் வேண்டாம், ஓரம் உதிரும், ஸ்ப்ரே பெயின்ட் பட்டால் கரையும்.

எட்டு ஒன்பது வயதுக்குப் படுதாதான். தவறினால் ஒரு துணியை மாற்றினால் போதும். வளவில் ஒரு வெட்டு தவறினால் சுவரே போகும். வளவைப் பதினொரு வயதுக்கு மேல், கட்டரைப் பெரியவர் பிடிக்க, தொடங்கலாம். ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் படுதாவையே செய்யச் சொல்வோம். பார்வைக்கோடு, அதாவது எந்த இடத்திலிருந்து எது தெரியும் என்பது, தெரியாமல் வளவு கட்டினால் வீட்டு மாதிரி கிடைக்கும், மேடை கிடைக்காது: முன்வரிசைத் தூண்கள் நடிகரை மறைத்து நிற்கும். தூண்களை ஒட்டுமுன் களிமண்ணில் நிறுத்தி, நடுவிலும் இரண்டு ஓரத்திலும் இருந்து பார்த்துவிடுங்கள்.