டோர்ஸின் இரண்டாவது சிறந்த ஆல்பம் எது?

அறுபதுகளின் அமெரிக்க ராக் குழுவான டோர்ஸின் ரசிகர்கள் நாலு பேர் சேர்ந்தால் முதலிடத்தைப் பற்றி அதிகம் பேசமாட்டார்கள். 1967 ஜனவரியில் வந்த முதல் ஆல்பத்துக்கு அதை எழுதிக் கொடுத்துவிட்டு, இரண்டாவது இடத்துக்கு மல்லுக்கட்ட ஆரம்பித்துவிடுவார்கள். 'எல்.ஏ. வுமன்'தான் முதலிடம் என்று ஒற்றைக்காலில் நிற்பவர்களும் உண்டு. அவர்களிடம் இன்னொரு நாள் பேசிக்கொள்ளலாம்.

பாடகர் ஜிம் மாரிசன் உயிரோடு இருந்தபோது வந்த ஸ்டுடியோ ஆல்பங்கள் ஆறு. முதலாவதை எடுத்துவிட்டால் ஐந்து. அதில் இரண்டை இப்போதே ஓரம் கட்டிவிடலாம்.

1968இல் வந்த 'வெயிட்டிங் ஃபார் தி சன்' அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த ஒரே டோர்ஸ் ஆல்பம். ஆனால் அதை இரண்டாவது சிறந்தது என்று யாராவது சொல்லி நான் கேட்டதில்லை. 'செலிப்ரேஷன் ஆஃப் தி லிசர்ட்' என்ற நீண்ட கவிதையை வைத்து ஒரு பெரிய படைப்பைச் செய்யத் திட்டமிட்டார்கள். ஸ்டுடியோவில் அது கூடிவரவில்லை. மிஞ்சிய ஒரு துண்டுதான் 'நாட் டு டச் தி எர்த்'. மற்ற இடத்தைக் கையில் கிடைத்த பாட்டுகளை வைத்து நிரப்பினார்கள், கேட்டாலே தெரியும். அடுத்து 1969இல் 'தி சாஃப்ட் பரேட்'. ட்ரம்பெட், வயலின் எல்லாம் சேர்த்தார்கள். 'டச் மீ' நல்ல பாட்டு, அதன் கடைசியில் கர்ட்டிஸ் ஏமி ஊதும் சாக்ஸபோன் இன்னும் நல்லது. மொத்தமாகக் கேட்டால் கல்யாண வீட்டில் பேண்ட் செட்டுக்கு நடுவே மாரிசன் மாட்டிக்கொண்ட மாதிரி இருக்கும்.

ஆக, களத்தில் மூன்று: 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' (1967), 'மாரிசன் ஹோட்டல்' (1970), 'எல்.ஏ. வுமன்' (1971).

எதை வைத்து அளப்பது? முதல் ஆல்பத்தில் இந்த நாலு பேரும் செய்த விஷயம் வேறு யாரிடமும் இல்லாதது. குழுவில் பேஸ் வாசிக்க ஆள் கிடையாது. ரே மன்ஸாரெக் இடது கையால் ஃபெண்டர் ரோட்ஸ் பியானோ பேஸ், வலது கையால் வாக்ஸ் ஆர்கன் என்று இரண்டு பேர் வேலையை ஒருவராகப் பார்த்தார் (ஸ்டுடியோவில் சில பாட்டுகளுக்கு மட்டும் லாரி நெக்டல் பேஸ் கிதார் வாசித்தார்). ஜான் டென்ஸ்மோர் ஜாஸ் கேட்டு வளர்ந்த டிரம்மர். ராபி க்ரீகர் ஃப்ளமெங்கோ பழகியதால் பிக் இல்லாமல் விரலால் மீட்டுபவர். லாஸ் ஏஞ்சலஸில் ரவிசங்கர் நடத்திய கின்னரா பள்ளிக்கு அவரும் டென்ஸ்மோரும் போனார்கள். 'தி எண்ட்' பாட்டில் கிதார் கிட்டத்தட்ட தம்புரா போல ஆதார சுருதியைப் பிடித்துக்கொண்டே வருவது அந்த வாசனையால்தான். இந்தக் கலவையை எந்த ஆல்பம் கெடாமல் காப்பாற்றி, அதற்கு மேல் ஒரு படியாவது ஏறியது? எனக்கு இன்னொரு அளவுகோலும் உண்டு: நடுவில் எழுந்து போய் ஊசியைத் தூக்கி அடுத்த பாட்டில் வைக்கும் ஆசை எத்தனை முறை வருகிறது?

'மாரிசன் ஹோட்டல்' மூன்றில் ஜாலியானது. 1969 மார்ச் 1 அன்று மயாமி கச்சேரியில் மாரிசன் போட்ட ஆட்டத்துக்கு வழக்கு வந்து, ஊர் ஊராகக் கச்சேரிகள் ரத்தாகி, குழு துவண்டு கிடந்த நேரம். பரிவாரங்களை எல்லாம் அனுப்பிவிட்டு ப்ளூஸுக்குத் திரும்பினார்கள். 'ரோட்ஹவுஸ் ப்ளூஸ்' பாட்டில் பேஸ் வாசித்தவர் லோனி மேக், அவரே பெரிய கிதார் கலைஞர். ஹார்மோனிகா ஜான் செபாஸ்டியன், ஆனால் அட்டையில் ஜி. புக்லீஸி என்று புனைபெயர் போட்டுக்கொண்டார். 'பீஸ் ஃப்ராக்' இன்னும் சுவாரஸ்யம். இசையை முதலில் பதிவுசெய்துவிட்டார்கள், வரிகள் இல்லை. மாரிசனின் நோட்டுப்புத்தகத்திலிருந்த கவிதையை எடுத்து அதன்மேல் பொருத்தினார்கள். ஒட்டு தெரிகிறதா என்று தேடிப் பாருங்கள், தெரியாது. அது முடிகிற வேகத்திலேயே மூச்சு விடாமல் 'ப்ளூ சன்டே'க்குள் விழும். அந்த இடத்துக்காகவே இதை வாங்கலாம்.

அட்டைப்படக் கதையும் இதற்குக் கூடுதல் மதிப்பெண். லாஸ் ஏஞ்சலஸ் சவுத் ஹோப் தெருவில் மாரிசன் ஹோட்டல் என்ற பெயரிலேயே ஒரு மலிவான விடுதி இருந்தது. உள்ளே படம் எடுக்கக் கூடாது என்றார் கவுண்டரில் இருந்தவர். அவர் லிஃப்டில் ஏறிப் போன சமயம் பார்த்து நாலு பேரும் உள்ளே ஓடி ஜன்னலுக்குப் பின்னால் நிற்க, ஹென்றி டில்ட்ஸ் வெளியிலிருந்து கிளிக் செய்தார். பின்னட்டையில் ஹார்ட் ராக் கஃபே என்றொரு பழைய மதுக்கடை. லண்டனில் அடுத்த ஆண்டு தொடங்கிய உணவகம் அந்தப் பெயரைத்தான் எடுத்துக்கொண்டது.

எல்லாம் சரி. ஆனால் இரண்டாம் பக்கத்தில் 'லேண்ட் ஹோ' தாண்டியதும் என் கை ஊசிப்பக்கம் போய்விடுகிறது. 'குயீன் ஆஃப் தி ஹைவே' நல்ல யோசனையாகவே நின்றுவிட்ட பாட்டு. இந்த ஆல்பத்தை ரசிக்க இது டோர்ஸ் என்று தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதுதான் அதன் பலம், எனக்கு அதுவே அதன் குறை. நல்ல பார் பேண்டுகள் நிறைய இருந்தன. மன்ஸாரெக் மாதிரி ஆர்கன் வாசிக்கிற ஆள் இருந்த குழு ஒன்றுதான்.

'எல்.ஏ. வுமன்' வலுவான எதிராளி. அதுவரை எல்லா ஆல்பங்களையும் தயாரித்த பால் ராத்சைல்ட், புதுப் பாட்டுகளைக் கேட்டுவிட்டு ஆர்வமில்லை என்று விலகிக்கொண்டார். அவருடைய ஒலிப்பதிவாளர் ப்ரூஸ் பாட்னிக், குழுவோடு சேர்ந்து தானே தயாரிப்பில் இறங்கினார். பெரிய ஸ்டுடியோவும் வேண்டாம் என்று சான்டா மோனிகா புலிவார்டில் இருந்த தங்கள் ஒத்திகை அறைக்கே கருவிகளைக் கொண்டுவந்தார்கள். மாரிசன் பாடியது குளியலறையில் நின்று, அதன் ஓடு போட்ட சுவர்களின் எதிரொலிக்காக. எல்விஸ் பிரெஸ்லியின் பேஸ்காரர் ஜெரி ஷெஃப், கூடுதல் கிதாருக்கு மார்க் பென்னோ. ரிதம் கிதாருக்கும் பேஸுக்கும் தனி ஆட்கள் கிடைத்ததில் மன்ஸாரெக்கின் இரண்டு கைகளும் க்ரீகரின் விரல்களும் சுதந்திரமாக அலைகின்றன.

தலைப்புப் பாட்டு ஏறக்குறைய எட்டு நிமிடம். நெடுஞ்சாலையில் கார் ஓட்டுவது போலவே போகும். நடுவில் வேகம் தளர்ந்து கிட்டத்தட்ட நின்றே விடும். அங்கே மாரிசன் 'மிஸ்டர் மோஜோ ரைசின்' என்று முனக ஆரம்பிக்கிறார். அவர் பெயரின் ஆங்கில எழுத்துகளைக் கலைத்துப் போட்டால் வருவது அது. டென்ஸ்மோர் ஒவ்வொரு சுற்றிலும் வேகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுகிறார். எந்த இடத்தில் கூட்டினார் என்று பலமுறை பிடிக்கப் பார்த்திருக்கிறேன், ஒரு தடவையும் முடியவில்லை. குரல் தடித்து, கரகரத்து, இருபத்தேழு வயசுக்காரனுக்கு நாற்பத்தைந்து வயசு ஆனது போல ஒலிக்கும்.

அப்புறம் 'ரைடர்ஸ் ஆன் தி ஸ்டார்ம்'. மழைச் சத்தத்துக்குள் மன்ஸாரெக்கின் எலெக்ட்ரிக் பியானோ துளித்துளியாக இறங்குகிறது. ஹெட்ஃபோன் போட்டுக் கேட்டால் மாரிசன் பாடும் ஒவ்வொரு வரிக்கும் அடியில் அதே வரியை அவரே கிசுகிசுத்திருப்பது கேட்கும். முதல் தடவை அது தெரிந்தபோது, அறையில் வேறு யாரோ இருக்கிறார்கள் என்று திரும்பிப் பார்த்தேன். ஆல்பம் 1971 ஏப்ரலில் வந்தபோது அவர் பாரிஸ் போய்விட்டிருந்தார். ஜூலை 3 அன்று இறந்தார். இந்தத் தகவலைக் கழித்துவிட்டு அந்தப் பாட்டைக் கேட்க இனி யாராலும் முடியாது. 'எல்.ஏ. வுமன்' கட்சிக்கு விழும் ஓட்டுகளில் பாதி இந்த அனுதாப அலையில் வந்தவை என்பது என் சந்தேகம்.

நடுப்பகுதியைப் பாருங்கள். 'லமெரிக்கா' இத்தாலிய இயக்குநர் அன்டோனியோனியின் படத்துக்காகச் செய்து, அவர் வேண்டாம் என்று தள்ளிய பாட்டு. அவர் தள்ளியது நியாயம்தான். 'க்ராலிங் கிங் ஸ்நேக்' ஜான் லீ ஹூக்கர் பாடிய வடிவத்தைக் கேட்டவர்களுக்குத் தேவையில்லாதது. 'ஹயசின்த் ஹவுஸ்' எனக்குப் பிடிக்கும், ஆர்கன் தனி ஆவர்த்தனத்தில் மன்ஸாரெக் ஷோப்பினின் பொலொனேஸ் ஒன்றைத் தொட்டுவிட்டுத் திரும்புவது குறும்பு. 48 நிமிட ஆல்பத்தில் சிகரங்கள் இரண்டும் இமயம், ஆனால் நடுவே நடக்க வேண்டிய சமவெளி அதிகம்.

'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' மொத்தம் 35 நிமிடம். முதல் ஆல்பம் வந்து ஒன்பது மாதம் ஆகுமுன், செப்டம்பரில் வந்துவிட்டது. "முதல் ஆல்பத்தில் இடமில்லாமல் மிஞ்சிய சரக்கு" என்பதுதான் இதன் மேல் வழக்கமாக வைக்கிற குற்றச்சாட்டு. சரக்கு பழசு என்பது உண்மைதான். 'மை ஐஸ் ஹேவ் ஸீன் யூ' 1965இலேயே டெமோவாகப் பதிவானது. 'மூன்லைட் டிரைவ்' இன்னும் முக்கியம்: அதே ஆண்டு வெனிஸ் கடற்கரையில் மன்ஸாரெக்கிடம் மாரிசன் பாடிக் காட்டிய பாட்டு அது, குழுவே பிறந்தது அதைக் கேட்டபின்தான். அது எப்படி மிச்சம் மீதி ஆகும்?

சரக்கு பழசானாலும் சமையல் புதுசு. நாலு ட்ராக் ஒலிப்பதிவிலிருந்து எட்டு ட்ராக்குக்கு வந்திருந்தார்கள், சன்செட் சவுண்ட் ஸ்டுடியோவே ஒரு வாத்தியம் ஆனது. தலைப்புப் பாட்டில் மாரிசனின் குரலை பால் பீவரின் உதவியோடு மூக் சிந்தசைசர் என்ற மின்னிசைக் கருவிக்குள் அனுப்பினார்கள். ராக் பாட்டுகளில் அந்தக் கருவி தலைகாட்டிய முதல் சில இடங்களில் இதுவும் ஒன்று. தண்ணீருக்கு அடியிலிருந்து பாடுவது போலக் குரல் நெளிகிறது. 'அன்ஹேப்பி கேர்ள்' பாட்டில் பியானோ பின்னோக்கி ஓடுகிறது. 'ஹார்ஸ் லாட்டிட்யூட்ஸ்' ஒன்றரை நிமிடக் கவிதை: காற்று நின்று கப்பல் நகராமல் போனதால் குதிரைகளைக் கடலில் தள்ளுகிறார்கள், பின்னால் கூச்சலும் இரைச்சலும். ராத்திரி தனியாக வேண்டாம். அட்டையில்கூட குழுவின் முகம் இல்லை, நியூயார்க் சந்து ஒன்றில் சர்க்கஸ்காரர்கள் நிற்கிறார்கள், ஓரத்தில் ஒரு சுவரொட்டியாக மட்டும் நாலு பேரும். புகழ் உச்சத்தில் இருந்த ஒரு குழு செய்கிற காரியமா அது?

நேருக்கு நேர் வைக்க வேண்டியது கடைசிப் பாட்டுகளை. ஒரு பக்கம் 'ரைடர்ஸ்', இந்தப் பக்கம் பதினோரு நிமிட 'வென் தி மியூசிக்ஸ் ஓவர்'. ஆர்கன் தனியாக ஆரம்பித்து, டிரம்ஸ் ஒவ்வொரு அடியாக உள்ளே வந்து, ஒரு அலறலோடு கிதார் வெடிக்கிறது. அதன்பின் பேஸ் அதே வரியைத் திரும்பத் திரும்பச் சுற்ற, ஸ்வரப் பின்னணி அசையாமல் நிற்க, க்ரீகர் மட்டும் போய்க்கொண்டே இருக்கிறார். கவனித்தால் ஒன்றல்ல, இரண்டு கிதார்கள் ஒரே நேரத்தில் ஒன்றையொன்று கேட்காத மாதிரி பேசுவது தெரியும். நின்ற இடத்திலிருந்தே விரிவது ராகம் கேட்டுப் பழகிய காதுக்கு உடனே பிடிபடும். 'ரைடர்ஸ்' மனநிலை, இது கட்டடம். 'ரைடர்ஸ்' அழகில் ஜெயிக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இந்த நாலு பேரைத் தவிர வேறு யாராலும் 'வென் தி மியூசிக்ஸ் ஓவர்' செய்திருக்க முடியாது.

அதனால் என் வரிசை: இரண்டாவது 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்', மூச்சு விடும் தூரத்தில் மூன்றாவது 'எல்.ஏ. வுமன்', நாலாவது 'மாரிசன் ஹோட்டல்'. 'எல்.ஏ. வுமன்' கட்சிக்காரர்கள் 'லமெரிக்கா'வைத் தூக்கிவிட்டு அங்கே 'பீஸ் ஃப்ராக்'கைப் போட்டுத் தந்தால் மறுபரிசீலனைக்குத் தயார்.