மூன்று படி வேலைக்கு ஷெல்லா, மேக்கா, ஏர்ஃப்ளோவா?

தினமும் ராத்திரி ஒரு சிஎஸ்வி ஃபைலை (கமாவால் பிரித்த அட்டவணை) டவுன்லோட் செய்து, சுத்தம் செய்து, டேட்டாபேஸில் ஏற்ற வேண்டும். வேலை சரியாக ஓடும்வரை எதில் எழுதினாலும் ஒன்றுதான். நடுவில் ஒரு படி தோற்கும்போதுதான் வித்தியாசம் தெரியும்.

ஷெல் ஸ்கிரிப்ட், அதாவது கமாண்டுகளை வரிசையாக எழுதிய ஃபைல் என்றால் மூன்று வரி, குறித்த நேரத்தில் அதை ஓட்டும் கிரானில் ஒரு வரி. ஆனால் அந்த ஸ்கிரிப்டை ஓட்டும் பாஷ், ஒரு வரி தோற்றால் தானாக நிற்காது. டவுன்லோட் தோற்றாலும் அடுத்த வரிக்குப் போய், கிடக்கும் நேற்றைய ஃபைலையே மறுபடி ஏற்றிவிடும். மேலே ‘செட் -ஈ’ போட்டால் நிற்கும். ஒன்றின் வெளியீடு அடுத்ததற்குப் போகும்படி பைப்பில் கோத்த கமாண்டுகளில் கடைசியானது தோற்றதா என்பது மட்டும்தான் கணக்கு என்பதால் ‘பைப்ஃபெயில்’ஐயும் சேர்த்தே ஆக வேண்டும். திரும்ப ஓட்டினால் எல்லாம் முதலிலிருந்துதான்.

எனக்குப் பிடித்தது மேக். 1976இல் பெல் லேப்ஸில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் எழுதியது. புரோகிராம் கம்பைல் செய்யப் பிறந்ததென்றாலும் இந்த மாதிரி வேலைக்கும் கச்சிதமாகப் பொருந்தும். எந்த ஃபைல் எதிலிருந்து வர வேண்டும் என்று எழுதிவைத்தால், ஃபைல்களின் நேரத்தை ஒப்பிட்டு, முடிந்த படியைத் தொடாமல் விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒரு சிக்கல்: சுத்தம் செய்யும் படி பாதியில் விழுந்தால், அரைகுறை ஃபைல் புது நேரத்தோடு அங்கேயே கிடக்கும். அடுத்த முறை அது முடிந்துவிட்டதாக மேக் நம்பிவிடும். மேக்கின் ஒரு வகையான குனூ மேக்கில் ‘.டெலீட்_ஆன்_எரர்’ என்று ஒரு வரி சேர்த்தால் அந்த ஃபைலை அதுவே அழித்துவிடும். இதை விடவே கூடாது. டேட்டாபேஸில் ஏற்றும் படி ஃபைல் எதையும் உருவாக்காது. அதனால் முடிந்ததற்கு அடையாளமாக, தேதி போட்ட ஒரு காலி ஃபைலை நாமே வைக்க வேண்டும்.

வேலைகளை வரிசைப்படி ஓட்டிக் கண்காணிக்கும் கருவியான ஏர்ஃப்ளோ 2014இல் ஏர்பிஎன்பி நிறுவனத்தில் தொடங்கியது. படிகளின் வரிசையைப் பைத்தானிலேயே எழுதலாம். தோற்றால் எத்தனை முறை, எவ்வளவு இடைவெளியில் முயல வேண்டும் என்றும் சொல்லிவிடலாம். எந்த நாள் எந்தப் படி விழுந்தது என்று திரையில் தெரியும். ஆனால் வேலைகளை நேரத்துக்குத் தொடங்கிவைக்கும் ஷெட்யூலர், வெப் பக்கம், தனி டேட்டாபேஸ் எல்லாவற்றையும் ஓடவிட்டுப் பார்த்துக்கொள்ள வேண்டும். மூன்று படிக்கு அது வேண்டாம். பல டீம்களின் வேலைகள் ஒன்றையொன்று நம்பி ஓடும் இடத்தில் தாராளமாகப் போடலாம். பல மெஷின்களில் ஓடினால் முதல் படி ‘டெம்ப்’ ஃபோல்டரில் வைத்த ஃபைல் அடுத்த படிக்குக் கிடைக்காமல் போகலாம். பொதுவான ஸ்டோரேஜில் வையுங்கள்.

ஒரே நாளின் டேட்டாவை இரண்டு முறை ஏற்றினால் டேபிளின் வரிசைகள் இரட்டிப்பதை இந்த மூன்றில் எதுவும் தடுக்காது. அந்தத் தேதிக்கான வரிசைகளை அழிப்பதையும் புதியதைச் சேர்ப்பதையும் ஒரே டிரான்ஸாக்ஷனில் (இரண்டும் நடக்கும், இல்லையேல் எதுவும் நடக்காது) நாம்தான் எழுத வேண்டும்.