ஃபியூஸ் அடிக்கடி போகிறதா? பெரிய ஃபியூஸ் போட விடாதீர்கள். எனக்கு 2,58,500 ரூபாய் போய்விட்டது

போன செவ்வாய்க்கிழமை விடியற்காலை, புளியரை தாண்டி எஸ் வளைவு ஏற்றத்தில் என் கார் எரிந்துபோனது. உள்ளே நான், அம்மா, ஆறு வயது மகன். மூன்று பேரும் உயிரோடு இருக்கிறோம். அதை முதலில் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் ஃபோன் செய்கிற எல்லோரும் அதைத்தான் கேட்கிறார்கள். வண்டி போய்விட்டது. நகையை அடகு வைத்து 2,40,000 ரூபாய்க்கு வாங்கிய பழைய வண்டி. அதில் லைட் மாட்ட ஒரு கார் அலங்காரக் கடைக்குக் கொடுத்தது 18,500. மொத்தம் 2,58,500 ரூபாய். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும்தான் எடுத்திருந்தேன், அதனால் எனக்கு ஒரு பைசா வராது.

கடையின் பெயரை எழுதப்போவதில்லை. இந்த மாதிரிக் கடை எல்லா ஊரிலும் இருக்கிறது. வாசலில் சீட் கவர் தொங்கும், கண்ணாடிக் கதவில் கலர் கலராக எல்இடி எரியும். என்னென்ன கவனிக்க வேண்டும் என்று கடைசியில் விவரமாக எழுதுகிறேன். முதலில் நடந்ததைச் சொல்கிறேன்.

எனக்குச் செங்கோட்டை. புனலூரில் ஒரு லேபில் வேலை. வாரத்தில் ஆறு நாள் கோட்டவாசல், ஆரியங்காவு, தென்மலை என்று மலையேறி இறங்குகிறேன். காலை ஷிப்ட் என்றால் இருட்டோடு கிளம்ப வேண்டும். சாரல் காலத்தில் அந்த ரோட்டில் மேகம் இறங்கி நின்றால் பத்தடிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று தெரியாது. எதிரே வருகிற லாரி எல்லாம் ஹைபீம். ஒருநாள் காட்டுப்பன்றி குறுக்கே ஓடி, பிரேக் போட்டதில் அம்மாவுக்கு நெற்றியில் வீங்கிவிட்டது. அதற்கப்புறம்தான் நல்ல வெளிச்சம் வேண்டும் என்று அந்தக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் நன்றாகத்தான் பேசினார். உட்காரவைத்து டீ வாங்கிக் கொடுத்தார். "மலை ரோடா அக்கா? அப்ப கம்பெனி பல்பு உங்களுக்குப் பத்தாது" என்றார். ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, பழைய பல்பையும் புதுப் பல்பையும் சுவரில் அடித்துக் காட்டினார். பழையது மஞ்சளாக, சோர்ந்து தெரிந்தது. புதியது சுவரையே வெள்ளையடித்த மாதிரி இருந்தது. கம்பெனி பல்பு ஹைபீமில் 60, லோபீமில் 55 வாட், அவர் போட்டது 100/90. கூடவே இரண்டு ஃபாக் லைட், ஒரு டச் ஸ்கிரீன், பின்பக்கக் கேமரா. 21,000 சொன்னார், 18,500-க்கு முடிந்தது. "வயரிங் எல்லாம் தாங்குமா அண்ணாச்சி?" என்று கேட்டேன். இதைக் கேட்டேன் என்பது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. "நம்ம தங்கச்சி வண்டி மாதிரி நெனச்சு செஞ்சு தாரேன், நீங்க ஏன் கவலப்படுதிய" என்றார். அந்த ஒரு வார்த்தையில் நம்பிவிட்டேன். 5,000 ஃபோனில் அனுப்பினேன், மீதி 13,500 ரொக்கம். ரசீது என்று தந்தது, தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் பேனாவால் எழுதிய ஒரு வரி: லைட் வேலை 18,500.

இரண்டு வாரம் ஒன்றும் இல்லை. மழை தொடங்கி, முதல்முறையாக ஹைபீமையும் ஃபாக் லைட்டையும் சேர்த்துப் போட்ட அன்று, ஆரியங்காவு பக்கம் இடது ஹெட்லைட் அணைந்துவிட்டது. ஃபாக் லைட்டும் சேர்ந்து போய்விட்டது. கடைப் பையன் ஸ்டியரிங்குக்குக் கீழே குனிந்து ஒரு ஃபியூஸைப் பிடுங்கி என் உள்ளங்கையில் வைத்தான். நகத்தளவு சிவப்புப் பிளாஸ்டிக், மேலே 10 என்று போட்டிருந்தது. நடுவில் இருந்த கம்பி அறுந்து கரியாக இருந்தது. "ஃபியூஸ்தான் அக்கா, ஒண்ணுமில்ல." இன்னொரு சிவப்பு போட்டான். நாலே நாளில் அதுவும் போனது. மூன்றாவது தடவை கடைக்காரரே உள்ளிருந்து வந்தார். டப்பாவில் துழாவி ஒரு பச்சை ஃபியூஸை எடுத்துக் குத்தினார். "இனி போகவே போகாதுக்கா" என்றார்.

போகவில்லைதான். இரண்டு லைட்டும் அட்டகாசமாக எரிந்தன. நான் நன்றி சொல்லிவிட்டு, அந்தப் பையனுக்கு டீ செலவுக்கு ஐம்பது ரூபாயும் கொடுத்துவிட்டு வந்தேன்.

பச்சை என்றால் 30 ஆம்பியர். இது எனக்கு இப்போதுதான் தெரியும். சிவப்பு 10, நீலம் 15, மஞ்சள் 20, பச்சை 30. ஃபியூஸ் கெட்டுப்போவதற்காகவே வைக்கப்பட்ட பொருள். வயர் தாங்காத கரண்ட் ஓடினால், வயர் சூடாவதற்கு முன் ஃபியூஸ் அறுந்து நம்மைக் காப்பாற்ற வேண்டும். என் வண்டியின் ஃபியூஸ் மூன்று முறை அந்த வேலையைச் சரியாகச் செய்தது. அதன் வாயை அடைத்துவிட்டு, சரிசெய்துவிட்டதாக எனக்குச் சொல்லி அனுப்பினார்கள்.

அதற்கப்புறம் வண்டி எனக்கு நிறையச் சொன்னது. லைட் போடுகிற தண்டு, ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்குமே, அது ஹைபீமில் பத்து நிமிடம் போனால் தொடும்போது சூடாக இருக்கும். ஏற்றத்தில் பிளாஸ்டிக் கருகுகிற மாதிரி மெல்லிய வாடை வரும், இறக்கத்தில் போய்விடும். ஃபோன் செய்து கேட்டேன். "புது வயருக்கா, கொஞ்ச நாளைக்கு அப்படித்தான் இருக்கும்." மறுபடி கேட்டேன். "ஏசி ஃபில்டரப் பாத்தியளா?" மூன்றாவது முறை கேட்க எனக்கே சங்கடமாக இருந்தது. லேபில் ஒரு ரிசல்ட் சந்தேகமாக வந்தால் மூன்று முறை ஓட்டிப் பார்க்கிறவள் நான். இதில் மட்டும் விட்டுவிட்டேன்.

செவ்வாய்க்கிழமை அம்மாவுக்குப் புனலூரில் மூட்டு டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. மகனுக்குப் பள்ளி விடுமுறை, அவனும் வந்தான். நல்ல மழை, மேகம். இரண்டாவது கியரில் ஏறிக்கொண்டிருந்தேன். அம்மா பின்னாலிருந்து, "ஏட்டி, என்னமோ கருகுத வாடை அடிக்கு" என்றாள். நான், "எப்பவும் வாரதுதாம்மா" என்றேன். ஸ்கிரீன் இரண்டு முறை மினுங்கி அணைந்தது. இடது லைட் போனது. அப்போதே ஓரங்கட்டியிருக்க வேண்டும். மழையில் நடுவழியில் எப்படி நிற்பது, மேலே டீக்கடைக்குப் போய்விடலாம் என்று இன்னும் இரண்டு வளைவு ஏறினேன். பானட்டுக்கும் கண்ணாடிக்கும் நடுவில் இருக்கிற இடுக்கில் புகை வந்தது. முதலில் மேகம் என்றுதான் நினைத்தேன். அப்புறம் அதற்குள் ஆரஞ்சு நிறம் தெரிந்தது.

வண்டியை நிறுத்திச் சாவியைத் திருப்பிவிட்டேன். என் கதவு திறந்தது. பின்கதவு திறக்கவில்லை. மகனுக்காகச் சைல்டு லாக் போட்டிருந்தேன், உள்ளிருந்து திறக்காது. சென்ட்ரல் லாக் பட்டனை அழுத்தினால் அசைவே இல்லை. நான் முன்சீட்டுக்கு மேல் குப்புறப் பாய்ந்து பின்கதவின் லாக்கைக் கையால் தூக்கி, இறங்கி ஓடி வெளியிலிருந்து திறந்தேன். அம்மாவால் வேகமாக நடக்க முடியாது, மகனை இடுப்பில் வைத்துக்கொண்டு அவளை இழுத்துக்கொண்டு போனேன். 2023 பிப்ரவரியில் கண்ணூரில் பிரசவத்துக்காக ஆஸ்பத்திரிக்குப் போன கர்ப்பிணியும் கணவரும் முன்சீட்டிலிருந்து இறங்க முடியாமல் காரோடு எரிந்துபோனார்களே, ஆஸ்பத்திரி பக்கத்திலேயே இருந்தது. அந்தச் செய்தியை லேபில் எல்லோரும் பேசினோம். அந்தக் கதவு திறக்காத நேரத்தில் எனக்கு அதுதான் ஞாபகம் வந்தது.

அவர்களை ஓரத்தில் உட்காரவைத்துவிட்டு, தண்ணீர் பாட்டிலோடு திரும்பி ஓடிப் பானட்டில் கை வைத்தேன். பின்னால் நின்ற கேரள லாரியிலிருந்து ஒருவர் "துறக்கல்லே, துறக்கல்லே!" என்று கத்திக்கொண்டே வந்து என் கையைத் தட்டிவிட்டார். திறந்தால் காற்று உள்ளே பாய்ந்து தீ முகத்துக்கு வரும் என்று அப்புறம் சொன்னார். லாரியில் இருந்த தீயணைப்பானை முன் கிரில் வழியாகவும் சக்கரத்துக்கு மேலிருந்தும் அடித்தார். கொஞ்சம் அடங்கி மறுபடி பிடித்தது. டயர் வெடித்தது. தீயணைப்பு வண்டி வந்தபோது முன்பக்கம் முழுக்கப் போய், டேஷ்போர்டு பாதி உருகியிருந்தது. அந்த லாரிக்காரரின் பெயரைக்கூட நான் கேட்கவில்லை.

மறுநாள் எனக்குத் தெரிந்த வயதான எலக்ட்ரீஷியன் ஒருவர் வந்து பார்த்தார். ஃபாக் லைட்டுக்குத் தனி வயர் இல்லை, ரிலே இல்லை (லைட்டுக்கான கரண்டை சுவிட்ச் வழியாக ஓடவிடாமல் தனியாக எடுத்துக் கொடுக்கிற சின்னப் பெட்டி). இடது ஹெட்லைட் வயரைச் சுரண்டி, அதிலேயே முறுக்கி, டேப் சுற்றியிருக்கிறார்கள். அவர் தரையில் குந்தி உட்கார்ந்து விரலால் கணக்குப் போட்டுக் காட்டினார். ஹைபீம் 100 வாட், ஃபாக் இரண்டும் சேர்ந்து 110. மொத்தம் 210, அதை 12 வோல்ட்டால் வகுத்தால் பதினேழரை ஆம்பியர். 10 ஆம்பியருக்கென்று போட்ட மெல்லிய வயரில் பதினேழரை. முறுக்கிய இடத்தில் செம்பு உருகி மணி மணியாக உறைந்திருந்தது. பிறகு ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு ஃபியூஸ் பெட்டியைப் பிய்த்து எடுத்தார். பெட்டி ஒரு பக்கம் உருகி வளைந்திருந்தது. பச்சை ஃபியூஸ் அப்படியே இருந்தது. நடுக்கம்பி அறாமல். அதை ஒரு கவரில் போட்டு வைத்திருக்கிறேன்.

கடைக்கு அன்றைக்கே ஃபோன் செய்தேன். "சாமி காப்பாத்திருச்சுக்கா, உயிர் பெருசா வண்டி பெருசா?" அடுத்த ஃபோனைப் பையன் எடுத்து, அண்ணாச்சி திருச்செந்தூர் போயிருக்கிறார் என்றான். வெள்ளிக்கிழமை நேரில் போனேன், அண்ணாச்சி கல்லாவில்தான் இருந்தார். பழைய வண்டி என்றார். எலி கடித்திருக்கும் என்றார். கேரளா பக்கம் ஒரு வண்டு பெட்ரோல் குழாயை ஓட்டை போடுகிறதாமே என்றார். வண்டு ஓட்டை போடுவது உண்மைதான், ஆனால் என் வண்டியில் எரிந்தது நீங்கள் முறுக்கிய வயர் என்று பச்சை ஃபியூஸைக் கல்லா மேல் வைத்தேன். அதைத் தொடவே இல்லை. "இது எங்க கடை ஃபியூஸ்தான்னு என்ன ஆதாரம்?" என்றார். அதுவரை அக்கா, தங்கச்சி. அதற்கப்புறம் மேடம். "மேடம், உங்களுக்கு இதெல்லாம் புரியாது, வீட்டுல ஆம்பள யாரையாவது வரச் சொல்லுங்க." எலக்ட்ரிக்கல் பொருளுக்கு வாரண்டி கிடையாது என்று சுவரில் ஒரு போர்டைக் காட்டினார். நான் 18,500 கொடுத்த அன்று அந்தப் போர்டு அங்கே இல்லை.

பில் இல்லை. என்னிடம் இருப்பது அந்தக் காலண்டர் தாளும் 5,000 அனுப்பிய ஃபோன் பதிவும்தான். நுகர்வோர் உதவி எண் 1915-ல் புகார் பதிவு செய்துவிட்டேன். மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில், கடைக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் வரைக்கும் இருந்தால் கட்டணம் கிடையாது, நான் கொடுத்தது 18,500 தானே. இந்த வாரமே மனு போடுகிறேன். பழைய இரும்புக்காரர் வண்டிக்கு 20,000 தருவதாகச் சொல்கிறார், அதை அந்தக் கணக்கில் கழிக்க எனக்கு இன்னும் மனம் வரவில்லை.

விவரமாக எழுதுகிறேன் என்று சொன்னேன். உட்கார்ந்தால் கை ஓடவில்லை. முக்கியமானதை மட்டும் சொல்கிறேன். இன்றைக்கே உங்கள் ஃபியூஸ் பெட்டியைத் திறந்து, மூடியில் போட்டிருக்கிற ஆம்பியரும் உள்ளே இருக்கிற நிறமும் ஒத்துப்போகிறதா பாருங்கள். ஒரே ஃபியூஸ் இரண்டாவது முறை போனால் ஏன் என்று கண்டுபிடிக்காமல் வண்டியை எடுக்காதீர்கள். லைட் மாட்டினால் ரிலேயும் தனி ஃபியூஸும் கேளுங்கள், வயரை வெட்டினால் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்துவிடுங்கள். பில் வாங்குங்கள். கருகல் வாடை வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்தி, சாவியை அணைத்து, எல்லோரையும் இறக்கி, தூரமாகப் போய் நின்று 112-க்கு அழையுங்கள். டீக்கடை வரைக்கும் போகலாம் என்று நினைக்காதீர்கள். பானட்டைத் திறக்காதீர்கள். பின்சீட்டில் குழந்தையோடு பெரியவர்களும் உட்கார்ந்தால், அவர்கள் பக்கத்துச் சைல்டு லாக்கை எடுத்துவிடுங்கள்.

மகன் நேற்றிலிருந்து, அடுப்பு பற்றவைத்தாலே அடுக்களைக்குள் வரமாட்டேன் என்கிறான். நாளை காலையிலிருந்து எனக்குப் பஸ்தான், அதற்கு நாலரைக்கே எழுந்திருக்க வேண்டும்.