முண்டாசுக்குக் கீழே ஒரு முகம்: விகிதக் கவராயத்தோடு ஒரு வருடம்

பென்சிலில் தலைவர்கள் படம் வரைந்து பார்த்து, எல்லாம் சரியாக இருந்தும் ஜாடை மட்டும் வரவில்லையே என்று உட்கார்ந்திருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஓவியப் பொருட்கள் விற்கும் கடையில் ப்ரொபோர்ஷனல் டிவைடர் என்று கேட்டால் எடுத்துத் தருவார்கள். தமிழில் விகிதக் கவராயம் என்று சொல்லலாம். நான் வாங்கி ஒரு வருடம் ஆகிறது, பிளாஸ்டிக்தான், 650 ரூபாய். ஜாடைக்காக அல்லாடுகிறவர்கள் தாராளமாக வாங்கலாம். ஆனால் இது எதைப் பார்க்கும், எதைப் பார்க்காது என்று தெரிந்து வாங்க வேண்டும், அது தெரியாமல் நான் இரண்டு பெரிய தாளைக் கெடுத்தேன்.

பார்ப்பதற்குப் பெருக்கல் குறி மாதிரி இருக்கும். இரண்டு கால்கள், இரண்டு பக்கமும் கூர்முனை, நடுவில் நீளமான துளை, அதில் நகரும் ஒரு திருகு. திருகை நடுவில் வைத்தால் இரண்டு பக்கமும் ஒரே அளவு விரியும். திருகை ஒரு பக்கமாக நகர்த்தி முடுக்கினால், சின்னப் பக்கம் ஒரு சென்டிமீட்டர் விரியும்போது பெரிய பக்கம் இரண்டு சென்டிமீட்டரோ மூன்றோ விரியும். புகைப்படத்தில் சின்னப் பக்கத்தால் அளந்து, அப்படியே திருப்பிப் பெரிய பக்கத்தால் தாளில் புள்ளி வைக்க வேண்டியதுதான். கணக்குப் போட வேண்டாம், ஸ்கேல் வேண்டாம்.

கட்டம் போட்டு வரைந்தால் போதாதா என்று கேட்பீர்கள். நானும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் கற்றேன். ஆனால் கட்டத்தில் வரையும்போது முகம் கண்ணுக்குத் தெரிவதே இல்லை, ஒவ்வொரு கட்டமாக நிரப்பிக்கொண்டு போகிறோம், கடைசியில் கோடுகளை அழித்தால் தாளின் மேல்பரப்பு கிளம்பி, அந்த இடத்தில் ஷேடிங் திட்டுத்திட்டாகப் பிடிக்கும். டிவைடரில் அந்தத் தொல்லை கிடையாது. அதோடு, முழு முகத்தையும் பார்த்துக்கொண்டே வேண்டிய இடத்தை மட்டும் அளக்கலாம்.

இதை வாங்க வைத்தது பாரதியார் படம். எங்கள் வாசகர் வட்டத்தில் செப்டம்பரில் அவர் நினைவு நாளுக்கு ஒரு படம் வரைந்து தரச் சொன்னார்கள். சின்ன வயதிலிருந்து நூறு தடவை வரைந்த முகம்தானே என்று பழக்கத்திலேயே வரைந்து கொண்டுபோய்க் கொடுத்தேன். அங்கே வரும் ஒரு பெரியவர், எல்லோருக்கும் அண்ணாச்சி, ரொம்ப நேரம் நின்று பார்த்துவிட்டு, "முண்டாசு நம்மாளுதான் தம்பி, மூஞ்சிதான் வேற யாரோ மாதிரி இருக்கு" என்றார். வீட்டுக்கு வந்து புகைப்படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அவர் சொன்னது அத்தனையும் உண்மை. நான் வரைந்தது காலண்டர் பாரதியை.

பாரதி விஷயத்தில் இது எல்லோருக்கும் நடக்கும். முண்டாசு, முறுக்கு மீசை, கறுப்புக் கோட்டு, நெற்றியில் பொட்டு, இந்த நான்கும் இருந்தால் கீழே எந்த முகம் இருந்தாலும் நம் கண் அதைப் பாரதி என்று ஏற்றுக்கொள்கிறது. மாறுவேடப் போட்டியில் மையால் மீசை வரைந்த குழந்தையைக்கூடப் பாரதி என்றுதான் சொல்கிறோம். அதனாலேயே அந்த மனிதருடைய முகத்தை யாரும் உற்றுப் பார்ப்பதில்லை. ஆர்யா என்று அறியப்பட்ட ஓவியர் பாஷ்யம் வரைந்த பாரதி படம் புகழ்பெற்றது. அதற்கு அப்புறம் ஒன்றைப் பார்த்து ஒன்று, அதைப் பார்த்து இன்னொன்று என்று நகலுக்கு நகல் எடுத்து, ஒவ்வொரு கையிலும் கண் கொஞ்சம் பெரிதாகி, மீசை கொஞ்சம் மேலே ஏறி, கன்னம் கொஞ்சம் உப்பி, இப்போது சுவர்களில் நிற்பவர் வேறு ஆள். அவர் 1882 டிசம்பர் 11 அன்று எட்டயபுரத்தில் பிறந்து 1921 செப்டம்பரில் இறந்தவர், நாற்பது வயதைக்கூடத் தொடவில்லை. நமக்குக் கிடைத்திருக்கும் புகைப்படங்களை ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். புதுச்சேரியில் செல்லம்மாளோடு எடுத்துக்கொண்ட படத்தையும், 1919 இல் காரைக்குடியில் தாடியோடு எடுத்த படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், காலண்டரில் இல்லாத ஒரு ஆளைப் பார்ப்பீர்கள். எனக்கு அன்றைக்குத் தொண்டை அடைத்துவிட்டது.

சரி, டிவைடருக்கு வருகிறேன். இது செய்யும் பெரிய உபகாரம், நம் ஞாபகத்தில் இருக்கும் பாரதியை நம்பவிடாமல் தடுப்பது. நான் பழக்கத்தில் வரைந்த படத்தையும் புகைப்படத்தையும் இதை வைத்து அளந்து பார்த்தேன். கண்களைப் பெரிதாகப் போட்டிருந்தேன், மீசையை மூக்கின் அகலத்தோடு ஒப்பிட்டால் அநியாயத்துக்கு நீட்டியிருந்தேன், மூக்கின் அடியிலிருந்து மேல் உதடு வரை இருக்க வேண்டிய இடத்தை மீசைக்காகக் கூட்டியிருந்தேன். கண்ணால் பார்த்தபோது ஒன்றுகூடத் தெரியவில்லை. முனையை வைத்ததும் தெரிந்துவிட்டது.

முண்டாசு கட்டிய தலையை வரைகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். கண்கள் தலையின் பாதி உயரத்தில் இருக்கும் என்று நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள், அது உச்சந்தலையிலிருந்து மோவாய் வரை எடுக்கும் கணக்கு. முண்டாசில் உச்சந்தலையே தெரியாது. முண்டாசின் உச்சியிலிருந்து பாதி எடுத்தால் கண் மேலே ஏறி, கன்னமும் தாடையும் நீண்டுபோகும். ஆகவே முண்டாசைத் தொடாதீர்கள். நான் முதலில் எடுப்பது இரண்டு கண்களின் உள்முனைகளுக்கு இடையே உள்ள தூரம், அதாவது மூக்கை ஒட்டிய முனைகள். அப்புறம் வெளிமுனைகள். அங்கிருந்து மூக்கின் அடி, இப்படி ஒரு முக்கோணம். இந்த முக்கோணம் சரியாக விழுந்துவிட்டால் பாதி ஜாடை வந்த மாதிரி. அதற்கப்புறம் உதடுகள் சேரும் கோடு, மோவாய், காது மடலின் அடி. மீசையும் முண்டாசும் கடைசியில்தான், ஏனென்றால் அவை வந்ததுமே படம் பாரதி மாதிரி தெரிய ஆரம்பித்துவிடும், நம் கண் சமாதானமாகி அதற்கு மேல் தேடாது. மீசை இல்லாமலே பாரதியாகத் தெரிகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் மீசை போடுகிறேன்.

குறைகள் இருக்கின்றன. பிளாஸ்டிக் திருகு தானாகத் தளரும், பத்துப் புள்ளி வைப்பதற்குள் விகிதம் மாறியிருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. தாளின் ஓரத்தில் முதலில் எடுத்த ஒரு அளவைக் கோடாகப் போட்டுவைத்து, அவ்வப்போது முனைகளை அதன் மேல் வைத்துச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். பக்கவாட்டில் போட்டிருக்கும் எண்களையும் அப்படியே நம்ப வேண்டாம். 2 என்று வைத்தேன், பெரிய பக்கம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக விரிந்தது. இன்னொன்று, முனை புத்தகத்தைக் கீறிவிடும். இரவல் புத்தகம் என்றால் மேலே ஒரு கண்ணாடித்தாள் போட்டு அளங்கள். உலோகத்தில் செய்தது விலை பல மடங்கு, ஒரு நண்பரிடம் வாங்கிப் பயன்படுத்திப் பார்த்தேன், திருகு அசையவே இல்லை. மாதம் ஒரு படம் வரைகிறவருக்கு அது தேவைப்படாது, தொழிலாகச் செய்கிறவர்கள் அதையே வாங்கிவிடலாம்.

மடங்கு கூடக் கூடத் தப்பும் கூடும் என்பது இந்தக் கருவியின் இயல்பு. மூன்று மடங்கில் வைத்து வரைந்தால், சின்னப் படத்தில் ஒரு மில்லிமீட்டர் தவறாகப் பார்த்தது தாளில் மூன்று மில்லிமீட்டராக விழும். கண்ணில் மூன்று மில்லிமீட்டர் என்பது வேறு ஆள். அதனால் புகைப்படத்தை முடிந்தவரை பெரிதாக அச்செடுத்து, ஒன்றரை மடங்கு, இரண்டு மடங்குக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

அச்செடுப்பதைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், என் இரண்டு தாள்களும் கெட்டது அதில்தான். ஒரு கடையில் கொடுத்து அச்செடுத்தேன், அவர்கள் தாளுக்குப் பொருந்தட்டும் என்று படத்தைக் குறுக்கே கொஞ்சம் இழுத்துவிட்டிருக்கிறார்கள். இருபதில் ஒரு பங்குதான், கண்ணுக்குத் தெரியாது. நான் ஒவ்வொரு புள்ளியையும் சுத்தமாக அளந்து, இரண்டு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்தேன், வந்தது பாரதிக்கு ஒரு பருத்த அண்ணன் இருந்தால் எப்படி இருப்பாரோ அந்த மாதிரி ஒரு முகம். என் கை போதவில்லை என்று நினைத்து மறுபடியும் வரைந்தேன், மறுபடியும் அதே அண்ணன். அப்புறம்தான் புத்தகத்தில் இருந்த படத்தோடு ஒப்பிட்டு அளந்து கண்டுபிடித்தேன். டிவைடர் மேல் ஒரு தப்பும் இல்லை, இழுத்த படத்தைக் கொடுத்தால் இழுத்த முகத்தை அச்சு அசலாகக் கொடுக்கும். இப்போது அச்சுக்குக் கொடுக்கும் முன் படத்தின் ஓரத்தில் 5 சென்டிமீட்டர் சதுரம் ஒன்றைப் போட்டுவிடுகிறேன். அச்சில் அது சதுரமாகவே இருந்தால்தான் பென்சிலை எடுப்பேன்.

மூலப் படம் எது என்பதிலும் கறாராக இருங்கள். இணையத்தில் பாரதி புகைப்படங்களைத் தெளிவாக்கி, வண்ணமேற்றி நிறைய போடுகிறார்கள். தோலில் துளைகள்கூடத் தெரிகின்றன, பார்க்க உயிரோடு இருக்கிற மாதிரி இருக்கிறது. ஆனால் அந்தக் காலத்தில் படம் பிடித்த கண்ணாடித் தகட்டில் பதியாத ஒன்றைக் கணினி எங்கிருந்து கொண்டுவரும்? இமையும் உதட்டு விளிம்பும் அது தானாகப் போட்டவை. அந்த விளிம்பில் முனையை வைத்து அளந்தால் நாம் அளப்பது பாரதியை அல்ல. மங்கலாக இருந்தாலும் பழைய பிரதியே மேல். ரா. அ. பத்மநாபன் 1957 இல் கொண்டுவந்த சித்திர பாரதியில் படங்கள் தொகுக்கப்பட்டிருக்கின்றன, நூலகத்தில் கிடைத்தால் விடாதீர்கள். இடம் வலம் மாற்றிப் போட்ட படங்களும் சுற்றுகின்றன. கோட்டு தெரிந்தால் பொத்தானைப் பாருங்கள், ஆண்கள் கோட்டில் பொதுவாக அவருடைய இடப்பக்கத் துணிதான் மேலே வரும்.

நிறத்தில் இந்தக் கருவி உதவவே உதவாது. அந்தக் காலத்துக் கண்ணாடித் தகடுகளில் பெரும்பாலானவை சிவப்பு ஒளியை உணராதவை, நீலம்தான் நன்றாகப் பதியும். அதனால் குங்குமம் கறுப்பாக விழும், மாநிறத் தோல் உள்ளதைவிட இன்னும் கறுத்துத் தெரியும். புகைப்படத்தில் உள்ள கறுப்பை அப்படியே 6பி பென்சிலில் ஏற்றினால் அது தகட்டின் நிறம், அவருடைய நிறம் ஆகாது. நான் கன்னத்தில் ஒரு படி இளக்கமாகவே ஷேடிங் செய்கிறேன், இது ஊகம்தான், ஆனால் காரணத்தோடு செய்யும் ஊகம்.

புதிதாக வாங்குகிறவர்களுக்கு ஒரு பயிற்சி சொல்கிறேன். பாரதியில் தொடங்காதீர்கள், ஆபிரகாம் லிங்கனில் தொடங்குங்கள். ஏனென்றால் லிங்கனுக்கு விடைத்தாள் இருக்கிறது. அவர் உயிரோடு இருக்கும்போதே முகத்தின் மேல் சாந்து பூசி இரண்டு முறை அச்செடுத்திருக்கிறார்கள், 1860 இல் லியோனார்ட் வோல்க் என்ற சிற்பி, அப்போது தாடி இல்லை. பிறகு 1865 பிப்ரவரியில் கிளார்க் மில்ஸ், சுடப்படுவதற்கு இரண்டு மாதம் முன்னால். இரண்டின் முப்பரிமாண வடிவங்களையும் அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் இணையத்தில் வைத்திருக்கிறது, திருப்பித் திருப்பிப் பார்க்கலாம். ஒரு புகைப்படத்தைப் பார்த்து வரையுங்கள், பிறகு அச்சு வடிவத்தை அதே கோணத்துக்குத் திருப்பி உங்கள் படத்தோடு அளந்து பாருங்கள். லிங்கனுடைய முகத்தின் இரண்டு பாதியும் ஒன்றுபோல் இருக்காது, நம் கை பழக்கத்தில் அதைச் சமமாக்கிவிடும், சமமாக்கியதுமே லிங்கன் போய்விடுவார். அந்த ஐந்து வருடத்தில் கன்னம் எவ்வளவு உள்ளே போயிருக்கிறது என்பதையும் பாருங்கள், போர் நடத்திய மனிதரின் முகம் அது.

கட்டபொம்மனை வரைய இது உதவுமா என்று ஒருவர் கேட்டார். உதவாது. அவரைக் கயத்தாறில் தூக்கிலிட்டது 1799 இல், புகைப்படக் கலை உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 1839 இல். அளப்பதற்கு ஒன்றும் கிடையாது. 1959 இல் வந்த படத்தில் சிவாஜி கணேசன் நடித்த முகம்தான் நம் எல்லோருக்கும் கட்டபொம்மன், அந்த முகத்தை அளந்தால் சிவாஜி கச்சிதமாக வருவார். அப்படிப்பட்டவர்களை வரையும்போது கற்பனை என்று படத்தின் கீழே எழுதிவிடுவதுதான் நேர்மை என்று நினைக்கிறேன்.

மூன்றாவது பாரதி படத்தை டிசம்பரில் அவர் பிறந்த நாளன்று கொண்டுபோய் வைத்தேன். மீசை காலண்டரில் இருப்பதைவிடச் சின்னது, கண்ணும் சின்னது, கன்னத்தில் சதை இல்லை. இரண்டு பேர் இது யார் என்றே கேட்டார்கள், பாரதி மாதிரி இல்லையே என்றார்கள். அண்ணாச்சி கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "இவரு சாப்பிட்டு ரெண்டு நாள் ஆயிருக்கும் போலயே தம்பி" என்றார். படத்தை அங்கேயே மாட்டச் சொல்லிவிட்டார்கள். அடுத்தது வ.உ.சி., அதற்கு உலோக டிவைடர் வாங்கக் காசு சேர்த்துக்கொண்டிருக்கிறேன்.